சிறகி வாங்கிய லேசான லேப்டாப்

காட்டோரத்தில் தாழங்குளம் என்றொரு குளம் இருந்தது. மழைக்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகள் அங்கே வந்து இறங்கும். பங்குனி வெயில் ஏறியதும் திரும்பிப் போகும். அந்த வாத்துகளில் ஒருத்தியின் பெயர் சிறகி.

அந்த வருஷம் எல்லா வாத்துகளும் கிளம்பத் தயாராகிவிட்டன. சிறகி மட்டும் கரையில் ஒரு பழைய லேப்டாப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அது செங்கல் மாதிரி கனமானது. அவள் கணவன் இருந்தவரை அவன்தான் அதைப் பையில் போட்டு முதுகில் சுமந்து பறப்பான். இந்த முறை இங்கே வந்த பிறகு, மழையில் அவன் காய்ச்சல் கண்டு இறந்துபோனான்.

அந்த லேப்டாப்புக்குள் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலம் முழுக்க இருந்தது. குளம் தளும்பி நின்ற நாளின் படங்கள் இருந்தன. தவளைகளின் கச்சேரி இருந்தது. அல்லி இலைகளுக்கு நடுவே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அவன் சிரிக்கிற படம் இருந்தது. அவன் குரலும் இருந்தது. சிறகியால் அதை விட்டுப் போகவும் முடியவில்லை, தூக்கிப் போகவும் முடியவில்லை. பாவம், ஒற்றை வாத்து எவ்வளவுதான் சுமக்கும்?

அன்றைக்குப் பார்த்து ஒரு கீரி புங்க மரத்தடியில் கடை விரித்தது.

"வாங்க, வாங்க! புது லேப்டாப்! ஒரு மூட்டை தாமரை விதை கொடுத்தாப் போதும்! தூக்கிப் பாருங்க, தூக்குன மாதிரியே இருக்காது!"

பறவைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் அலகில் கவ்வித் தூக்கிப் பார்ப்பார்கள். லேசாக இருந்தால் நல்ல பொருள், கனத்தால் மட்டமான பொருள். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. பறந்தே பிழைக்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

கொக்கு முதல் ஆளாகத் தூக்கிப் பார்த்தது. "அடேயப்பா! என் இறகுகூட இதைவிட கனம்! கண்ணை மூடிக்கிட்டு வாங்கு சிறகி!"

கொக்குக்கு லேப்டாப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் கருத்துச் சொல்லாவிட்டால் அதற்குச் சாப்பாடு இறங்காது.

சிறகியும் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. தன் விதை மூட்டையைக் கீரியின் பக்கம் நகர்த்தினாள்.

"கொஞ்சம் பொறு அக்கா!" என்று ஒரு குரல் கேட்டது.

குரல் கொடுத்தவள் சிட்டம்மா என்ற தூக்கணாங்குருவி. அவர்கள் இனத்தில் ஆண் குருவி பாதிக் கூடு கட்டி வைத்துவிட்டு, சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் குருவி வந்து நாரை இழுத்துப் பார்க்கும், உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதிக் கூடு. இல்லாவிட்டால் அந்தப் பாதிக் கூடு அப்படியே தொங்க வேண்டியதுதான். சிட்டம்மா வேண்டாம் என்று சொன்ன கூடுகள் குளத்தங்கரை ஈச்ச மரம் முழுக்கத் தொங்கின!

"வெளியே நின்னு பார்த்தா எல்லாக் கூடும் அழகுதான் அக்கா. நான் உள்ளே பார்க்குறேன்!" என்றாள்.

கீபோர்டின் மேல் குதித்தாள். "தாங்குது. ஆனா லேசா அமுங்குது." வெயிலில் திருப்பிப் பார்த்தாள். "திரை மங்குது. நிழல்ல வச்சுத்தான் பார்க்கணும்." பிறகு கீரியிடம் திரும்பி, "முட்டை வைக்க எவ்வளவு இடம் இருக்கு?" என்று கேட்டாள்.

"முட்டையா!" என்று விழித்தது கீரி.

"அதான்யா, அக்காவோட படம், குரல் எல்லாம் இதுல கொள்ளுமா?"

கீரி வாலைச் சொறிந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை. "கொள்ளாதும்மா. இந்த விலைக்கு மெமரி கம்மிதான். பத்துல ஒரு பங்கு போகும். ஸ்பீக்கரும் சன்னமாத்தான் கேக்கும்."

"நான் அப்பவே சொன்னேனே, மலிவுச் சரக்குன்னு!" என்றது கொக்கு. அது எப்போது சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை.

சிறகியின் கண்கள் நிறைந்துவிட்டன. "மீதி ஒன்பது பங்கு அவரை இங்கேயே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?" என்றாள்.

தெற்கிலிருந்து காற்று எழும்பியது. வாத்துக் கூட்டம் தண்ணீரை விட்டு மேலே கிளம்பத் தொடங்கியது.

சிட்டம்மா மெதுவாகக் கேட்டாள்: "கோவிச்சுக்காதே அக்கா. அந்தக் குளிர் ஊர்ல உட்கார்ந்து எதைத் திறந்து பார்ப்பே?"

சிறகி பழைய லேப்டாப்பைத் திறந்தாள். ஒரே அல்லிப் பூவை எல்லாப் பக்கமிருந்தும் எடுத்த படங்கள் வந்தன. நண்டின் ஆடிப்போன படம் வந்தது. கொக்கின் சொற்பொழிவு ஒன்றை அவன் முழுசாகப் பதிந்து வைத்திருந்தான்! அழுகைக்கு நடுவே சிறகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடுத்த நாளுக்குப் பிறகு அவற்றையெல்லாம் அவள் திறந்ததே இல்லை.

அவள் தினமும் திறந்தது ஒன்றே ஒன்றைத்தான். அது ஒரு சின்ன ஒலிப்பதிவு. அதைப் புது லேப்டாப்புக்கு மாற்றி ஓடவிட்டாள்.

"ஏய் சிறகி! எங்கே இருக்கே? நான் அக்கரையில இருக்கேன்! வா!"

குரல் மெலிந்து, எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது. சிட்டம்மாவின் முகம் வாடியது. "ஐயோ, பழையதுல கணீர்னு கேக்குமே அக்கா! இது வேண்டாம், விட்டுடு!"

சிறகி தலையை ஆட்டினாள். "இல்லடி. அக்கரைக் கோரைக்குள்ள நின்னுக்கிட்டுத்தான் அவரு கூப்பிடுவாரு. எனக்கு இப்படித்தான்டி கேக்கும்!"

கொக்குகூட வாயைத் திறக்கவில்லை.

சிறகி விதை மூட்டையைக் கீரியிடம் கொடுத்தாள். பழைய லேப்டாப்பைத் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சிட்டம்மாவிடம் விட்டாள். புதியதை முதுகில் கட்டிக்கொண்டு, கூட்டத்தோடு சேர்ந்து வடக்கே பறந்தாள்.

ஒரு பொருளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன், எது இல்லாமல் நம்மால் இருக்க முடியாது என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.