மகாராஜாவின் மண்டையும் பூஜ்யம் லக்ஸ் கேமராவும்

கரும்பூர் நாட்டில் அரண்மனை இருந்தது, யானை இருந்தது, வீடியோ கேமராவும் இருந்தது. "ராஜா காலத்தில் ஏதய்யா கேமரா?" என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மற்றவர்கள் கிட்டே வந்து உட்காருங்கள்.

ராஜா செண்டலங்காரருக்கு முழு வழுக்கை. போன பொங்கலன்று கிரீடத்தைக் கழற்றிவிட்டுச் சூரியனைக் கும்பிட்டார். அந்த வீடியோவைப் பார்த்த மகாராணி, "இதில் சூரியன் எது?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து ராஜாவுக்கு வெளிச்சம் என்றாலே ஆகாது.

இப்போது அவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. தலையில் கலசத் தண்ணீர் ஊற்றுவார்கள். கிரீடத்தோடு உட்கார முடியுமா? ராஜா ஓர் உத்தரவு போட்டார்.

"மண்டபத்தில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது! ஜன்னலெல்லாம் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் வீடியோவில் நான் பளிச்சென்று தெரிய வேண்டும். மண்டை மட்டும் மினுக்கக் கூடாது!"

அரண்மனை வீடியோக்காரி வெள்ளையம்மாள் கையைப் பிசைந்தாள். இருபது வருஷமாக அந்த வீட்டுக் காதுகுத்து முதல் கல்யாணம் வரை எடுத்தவள் அவள்தான்.

"மகாராஜா, ஒரு மெழுகுவத்தி எரிஞ்சாக்கூட என் கேமரா எடுத்துடுங்க. ஒண்ணுமே எரியலைன்னா எந்தக் கேமராவும் எடுக்காதுங்க. வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டற கெயினை எவ்வளவு ஏத்தினாலும் படம் புள்ளி புள்ளியாத்தான் வரும்."

தலைமை அமைச்சர் அம்பலவாணர் இதற்குத்தான் காத்திருந்தார். அவருடைய மச்சான் ஒரு கேமராக் கடை வைத்திருந்தான். எந்தக் கேமராவும் அங்கே விலைபோகவில்லை.

"பிரபு! என் மச்சான் கடைக் கேமரா பூஜ்யம் லக்ஸில் எடுக்கும்!"

"லக்ஸா? அது சோப்பு ஆயிற்றே! நொச்சி, விளக்கு!"

ராஜாவுக்கு எது புரியாவிட்டாலும் இதேதான். உடனே அவருடைய ஆலோசகர் நொச்சியப்பர் எழுந்து விளக்குவார். இருபது வருஷமாக விளக்கி விளக்கி மனிதருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, பிரபு. பூஜ்யம் லக்ஸ் என்றால் கும்மிருட்டு."

"ஆஹா! அப்படியானால் நாளை நடுப்பகல் நம் நிலவறையில் போட்டி! இரண்டு கேமராவும் இருட்டில் என்னை எடுக்கட்டும். கேமராவுக்குள் தெரிவதை அமைச்சரும் வெள்ளையம்மாளும் உரக்கச் சொல்லட்டும். தோற்ற கேமரா கிணற்றில். வெள்ளையம்மா, நீ தோற்றால் உனக்கும் இங்கே வேலை இல்லை. என் உத்தரவில்லாமல் எவனாவது விளக்குப் போட்டால், நாடு கடத்திவிடுவேன்!"

வெளியே வந்ததும் வெள்ளையம்மாள் நொச்சியப்பரிடம் அழுதேவிட்டாள்.

"அண்ணே, தெரியாததைத் தெரியுதுன்னு சொல்ல எனக்கு வாய் வராதே! என் பொழப்பே போச்சுண்ணே!"

"பொய்யே சொல்லாதே தாயி. என்ன தெரியுதோ அதையே சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் வேர்த்து ஊற்றுகிற வெயிலில் நொச்சியப்பர் ஒரு கனத்த சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

நிலவறையில் ராஜா நாற்காலியில் அமர்ந்தார். கதவைச் சாத்தினார்கள். தன் கை தனக்கே தெரியாத இருட்டு. இருவரும் கேமராவில் கண்ணை ஒட்டிக்கொண்டார்கள்.

நொச்சியப்பர் ராஜாவின் காதோரம் போய்க் கிசுகிசுத்தார். "பிரபு, புழுக்கமாக இருக்கிறதே. கிரீடத்தை இறக்கி வையுங்களேன். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?"

"நல்ல யோசனை" என்று ராஜா முணுமுணுத்துவிட்டுக் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தார். அது நழுவி, சத்தமே இல்லாமல் கம்பளத்தில் விழுந்து, உருண்டு எங்கேயோ போய்விட்டது. மனசுக்குள் ஐயையோ என்று ராஜா மண்டியிட்டுத் துழாவ ஆரம்பித்தார்.

"வெள்ளையம்மா, என்ன தெரிகிறது?" என்றார் நொச்சியப்பர்.

"ஒண்ணும் தெரியலைங்க. புள்ளிதான் பறக்குது."

"அமைச்சரே, உமக்கு?"

"அடடா! பட்டப்பகல் மாதிரி தெரிகிறது! மகாராஜாவின் மீசையில் முடி முடியாக எண்ணலாம்!"

"அப்படியா! உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா?"

"சிங்கம் போல உட்கார்ந்திருக்கிறார்!"

நாற்காலிக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த சிங்கம் அப்படியே நின்றது.

"கிரீடம் எப்படி இருக்கிறது, அமைச்சரே?"

"கொஞ்சமும் கோணாமல் தலையில் ஜொலிக்கிறது!"

"தலையிலா?" என்று அடியிலிருந்து ராஜா கத்தினார். "எந்தத் தலையில்? என்ன கூத்து இது? நொச்சி, விளக்கு!"

டக்கென்று ஒரு சத்தம். நொச்சியப்பரின் சால்வைக்குள்ளிருந்து எமர்ஜென்சி விளக்கு ஒன்று எரிந்தது.

ராஜா நாற்காலிக்கு அடியில் நான்கு காலில் இருந்தார். அமைச்சர் கேமராவில் கண்ணை ஒட்டியபடியே இருந்தார். கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. லென்ஸின் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. பெயருக்கேற்றபடி அம்பலவாணர் நன்றாக அம்பலமானார்.

ஆனாலும் மனிதர் விட்டாரா?

"பிரபு! இவன் விளக்குப் போட்டுவிட்டான்! நாடு கடத்துங்கள்!"

"ஆமாம்!" என்று ராஜா முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நொச்சி, யார் உத்தரவில் விளக்குப் போட்டாய்?"

"தங்கள் உத்தரவில்தான், பிரபு. 'விளக்கு' என்றீர்கள். தினமும் வாயால் விளக்கினேன். இன்றைக்குத் தொண்டை சரியில்லை. பொத்தானை அழுத்தி விளக்கிவிட்டேன்."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மண்டையும் சேர்ந்து குலுங்கிப் பளபளத்தது. சட்டென்று சிரிப்பு நின்றது.

"அது சரி, இந்த மினுக்கத்துக்கு என்ன வழி?"

வெள்ளையம்மாள் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். "மகாராஜா... விளக்கு எரியட்டுங்க. தலையில கொஞ்சம் பவுடர் போட்டா மினுக்காதுங்க. இருபது வருஷமா சொல்ல நினைக்கிறேன், பயமா இருந்துச்சுங்க."

"பவுடரா! இவ்வளவுதானா!" என்று ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "உன் வேலை உனக்கேதான் அம்மா. நொச்சிக்கு ஒரு வாரம் விடுமுறை, தொண்டை ஆறட்டும்."

பிறகு, மெல்ல நழுவிக்கொண்டிருந்தவர் பக்கம் திரும்பினார்.

"அம்பலவாணரே, எங்கே போகிறீர்? நேற்றுவரை நீர் என் தலைமை அமைச்சர். இன்றுமுதல் என் தலைக்கு அமைச்சர். எடும் அந்தப் பவுடர் டப்பாவை!"