காணாமல் போன ஒன்பது அடி

“அம்மா, நான் பாக்குற ஒவ்வொரு வீட்லயும் ஒம்பது அடி காணாமப் போகுது” என்றார் ஆவுடையப்பன்.

முத்தரசி சூளையில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒரு வீடு, ரெண்டு வீடுன்னா விட்டுத்தள்ளலாம். ஏழு வீடு பாத்தாச்சு. ஏழுலயும் அதே ஒம்பது.”

“எப்படி அளந்தீங்க அண்ணாச்சி?”

அவர் சொன்னார். கடைசியாகப் பார்த்த வீட்டில், வெளியே அளந்தால் நாற்பத்திரண்டு அடி. உள்ளே அறை அறையாக அளந்து, சுவர்க் கனத்தையும் சேர்த்தால் முப்பத்துமூன்றுதான் வருகிறது. மறுபடி அளந்தாலும் அதே முப்பத்துமூன்று.

அவர் அளந்ததில் தப்பு வராது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தொரு வயது. முத்தரசிக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. சித்தாள் வேலைக்குப் போனவள். ஒருமுறை, புதிதாக எழுப்பிய சுவரைப் புறங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, அதன் கீழே யாரும் சாப்பிட உட்காராதீர்கள் என்றாள். கொத்தனார் சிரித்தார். மத்தியானம் சுவர் விழுந்தது.

அதற்குப் பிறகு ஜனங்கள் வேறு சங்கதிகளையும் அவளிடம் தட்டிப் பார்க்கக் கொண்டுவந்தார்கள். அவள் யாரையும் சீடன் என்று சொன்னதில்லை. வருகிறவர்கள் சூளையில் கல் அடுக்கலாம், கேட்கலாம். அவள் பேசுவதே கொஞ்சம், அதிலும் பாதி கேள்வியாக இருக்கும். ஆவுடையப்பன் ஆறு வருஷமாக அடுக்குகிறார்.

கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்ன புண்ணியவான்கள், பழைய வீட்டை வாங்கிப்பார் என்று சொல்ல மறந்துவிட்டார்கள். ஆவுடையப்பன் இன்ஜினியரைக் கூட்டிப்போனார். முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தார். உத்தரத்தைத் தட்டினார், கரையானைத் தேடினார், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். ஏழு வீடும் நல்ல வீடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அளவு இடிக்கிற வீட்டை வாங்க மாட்டேன் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் என்று புரோக்கர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆனால் அது பிடிவாதம் இல்லை. பயம்.

“அளந்து முடிச்சு டேப்பச் சுருட்டுவேன்லா, அப்பக் கேக்கும்மா. அந்த ஒம்பது அடிக்குள்ள இருந்து யாரோ மூச்சு விடுவாங்க.”

முத்தரசியின் கை நின்றது.

“வீட்லம்மா கூட வந்தாங்களா?”

அவர் மனைவி உலகம்மை முதல் இரண்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டாவது வீட்டில் அடுக்களையைத் தாண்டியதும் நின்று, அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் நீங்களே போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். பரம்பரை வீட்டை விற்று நாலு மாதமாகிறது. வாடகை மாடியில் இருக்கிறார்கள். எட்டாவது வீட்டிலிருந்தும் இதே பேச்சோடு வந்தால், தூத்துக்குடியில் மகளோடு போய் இருந்துகொள்வேன், திரும்பி வரமாட்டேன் என்று நேற்று சொன்னாள். அவள் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். அமைதியாகச் சொன்னாள்.

“எட்டாவது வீட்ட எப்பப் பாக்கப் போறீங்க?”

“இன்னைக்கு. மூணு மணிக்கு.”

முத்தரசி கையைக் கழுவிக்கொண்டாள்.

“நானும் வாறேன்.”

புரோக்கர் சாவியைக் கொடுத்துவிட்டு முக்கு டீக்கடைக்குப் போய்விட்டான்.

பல வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. முற்றத்தில் சுள்ளென்று வெயில் விழுந்தது. அந்த வெயிலிலும் தளம் காலுக்குச் சில்லிட்டது. ஒரு பல்லிகூடச் சத்தம் கொடுக்கவில்லை.

முத்தரசி சுவரில் காது வைத்துக் கேட்டாள். காரையைச் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினாள். உத்தரத்தின் கீழே நின்று வெகுநேரம் மேலே பார்த்தாள்.

“சுண்ணாம்பு நல்லாருக்கு. ஓதம் இல்ல. மரம் இன்னும் நூறு வருஷம் நிக்கும்” என்றாள். “நீங்க அளங்க.”

ஆவுடையப்பன் அளந்தார். முன்பக்கத்துப் பட்டாசாலை. நடு அறை. அடுக்களை. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். முத்தரசி பின்னாலேயே வந்தாள்.

அடுக்களையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போகும் வழியில் அவர் சுவரை ஒட்டியே நடந்தார். கொல்லைக் கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தால், பின்னால் அவளைக் காணோம். பாதி வழியில் நின்றுவிட்டிருந்தாள்.

“ஏம்மா நின்னுட்டீங்க?”

“இது என்ன அண்ணாச்சி?”

“சுவரு.”

“தொட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

தொட்டார். காரை இல்லை. மரம். விரலுக்கு மரத்தின் ரேகைகூடத் தெரிந்தது.

“சுவருதான்” என்றார்.

முத்தரசி அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தாள். கையில் இரும்பு பட்டது.

“இது?”

அவருக்கு முன்னால் அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. விரல்கள் தாமாக மடங்கி, அந்த இரும்பைப் பூட்டும் பக்கமாக அழுத்தின. அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

“தாழ்ப்பாள்” என்றார்.

அப்போதுதான் கதவு கண்ணுக்குத் தெரிந்தது. நிலை, பலகை, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். ஏழு வீட்டிலும் இந்த இடத்தில் ஒரு கதவு இருந்திருக்கிறது. ஏழையும் சுவர் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறார். உலகம்மை நின்று பார்த்த பார்வை அவருக்கு இப்போது விளங்கியது.

கதவுக்குப் பின்னால் மூச்சு கேட்டது.

முத்தரசிக்கும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் கதவைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எங்க பழைய வீட்லயும் இப்படி ஒரு ரூம் உண்டும்மா” என்றார்.

“எத்தன அடி?”

அவர் அளவைச் சொல்லாமல் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

தம்பியின் பெயர் கைலாசம். இருபத்தாறு வயதில் அவனுக்குப் புத்தி பேதலித்தது. இடுப்பில் துணி இல்லாமல் தெருவுக்கு ஓடினான். ஆவுடையப்பனுக்குக் கல்யாணமான புதுசு. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாலு நாளைக்குப் பின்னறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார். நாலு நாள் இரண்டு வருஷமாயிற்று. தாழ்ப்பாள் போடுவது அவர் பொறுப்பு. உலகம்மை எத்தனையோ தரம் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். கடைசியில் கெஞ்சுவதையும் நிறுத்திவிட்டாள்.

“ராவும் பகலும் கதவத் தட்டுவான். அண்ணே, தொறண்ணேம்பான்.” ஆவுடையப்பன் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். “ஒருநாள் தட்டல. அன்னைக்கு நான் நிம்மதியாத் தூங்குனேம்மா.”

முத்தரசி தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“விடிஞ்சுதான் தொறந்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. இனி நான் என்ன செய்யணும், சொல்லுங்க.”

“வாங்க வந்த வீட்ட முழுசா அளக்கணும்.”

அவள் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினாள்.

ஜன்னல் இல்லாத அறை. முற்றத்து வெளிச்சம் வாசற்படி வரை வந்து நின்றது. அதற்கு அப்பால் ஒரே இருட்டு.

முத்தரசி அவர் கையிலிருந்த டேப்பின் நுனியைப் பிடித்து, இருட்டுக்குள் வீசினாள்.

அது தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவர் கையிலிருந்த பெட்டிக்குள்ளிருந்து டேப் தானாக உருவிக்கொண்டு போயிற்று. நிதானமாக, ஒருவர் நடக்கிற வேகத்தில் போயிற்று. பிறகு நின்றது. தொய்வில்லாமல், இழுக்காமல், விறைப்பாக நின்றது. ஆவுடையப்பனுக்குப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தப் பிடி அவருக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயலிலும் வரப்பிலும் நிலம் அளக்கிற சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து நின்றவன் கைலாசம். பின்னால் எத்தனையோ பேர் பிடித்தார்கள். இப்படிப் பிடிக்க ஒருத்தருக்கும் வரவில்லை.

முத்தரசி இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“எவ்வளவு அண்ணாச்சி?”

எண் தெரியவில்லை. தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஒம்பது.”

அவர் வாசற்படியில் ஒரு காலை எடுத்து வைத்து, இருட்டைப் பார்த்துச் சொன்னார்:

“விட்டுறாதலே கைலாசு. நான் உள்ள வாறேன்.”