துடைக்காத பலகை

செல்லக்கனி மேடத்தின் கைப்பையில் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, டஸ்டர் இருக்கும். முந்தின வகுப்பின் எழுத்து ஒன்று பலகையில் மிச்சமிருந்தாலும் போச்சு, உள்ளே வர மாட்டார். வாசலிலேயே நிற்பார். கணிதத் துறையில் அவரை எதிர்த்துப் பேசினவர்கள் கிடையாது.

காலி வகுப்பறையில் இருந்த அவரிடம்தான் இசக்கியம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள். எம்.எஸ்ஸி. மாணவி.

"மேடம், நாலு பேப்பரையும் இந்த செமஸ்டரிலேயே எடுக்கணும்."

ரியல் அனாலிசிஸ், டோபாலஜி, மெஷர் தியரி, ஃபங்ஷனல் அனாலிசிஸ். ஒவ்வொன்றும் தனியாகவே ஆளை முழுங்கிவிடும். ஆனால் அவள் என்ன செய்வாள், பாவம்! மஞ்சள் காமாலையில் ஒரு செமஸ்டரே போய்விட்டது. கோடையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நேர்காணல். நாலையும் முடித்திருந்தால்தான் கூப்பிடுவார்கள்.

"துறைத் தலைவர் என்ன சொன்னார்?"

"ரெண்டை விட்டுருன்னார். 'பெரிய மேதைன்னு நெனப்பா உனக்கு'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"சரி சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது. "என்னால முடியுமா முடியாதா? நீங்களே சொல்லுங்க மேடம்."

மேடம் ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார். அனாலிசிஸில் ஒரு தேற்றத்தைச் சொல்லி, நிறுவு என்றார்.

அதற்கு முதலில் ஒன்றை நிறுவ வேண்டும். ஒரு கோட்டுத்துண்டை, முனைகளோடு சேர்த்து, ஓரம் சேராத 'திறந்த கணங்கள்' எண்ணிக்கையில்லாமல் மூடியிருந்தால், அவற்றில் எண்ணி முடிக்கக்கூடிய சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டே மூடிவிடலாம் என்பது. பாதிப் பலகையை அதுவே தின்றது. மீதியில் தேற்றத்தை முடித்தாள்.

"துடை," என்றார் மேடம். துடைத்தாள்.

அடுத்தது டோபாலஜி. இதற்கும் அதே பாதிப் பலகை வேண்டியிருந்தது.

"மேடம், இதை இப்பத்தானே போட்டேன்?"

"அது வேற பேப்பர். இது வேற. முதல்லேருந்து போடு."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதினாள். கை வலித்தது. தலைமுடியெல்லாம் சாக்பீஸ் தூள்.

மூன்றாவதாக மெஷர் தியரியிலிருந்து ஒன்றைச் சொன்னார் மேடம். கேட்டதுமே இசக்கிக்குப் புரிந்துவிட்டது.

"இதுக்கும் அதேதானே மேடம்?"

"ஆமா. துடைச்சிட்டுப் போடு."

டஸ்டர் அவள் முகத்துக்கு நேரே நீண்டது.

"மாட்டேன்."

"என்னது?"

"துடைக்க மாட்டேன் மேடம்! ஒண்ணையே எத்தனை தடவை போடுறது? பிரிச்சுப் பிரிச்சுப் படிச்சா எனக்கு ஆயுசு பத்தாது. நாலையும் ஒண்ணாப் படிச்சா இது ஒரு தடவை போதும். இது இங்கேயே இருக்கட்டும். நீங்க நாள்பூரா வாசல்ல நின்னாலும் சரி!"

வராந்தாவில் போன ரெண்டு பேர் அப்படியே நின்றுவிட்டார்கள்.

இசக்கி பழைய எழுத்துக்குக் கீழேயே மூன்றாவதைப் போட்டாள். நாலே வரியில் முடிந்தது. மேடம் டஸ்டரைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். நாலாவதை அவர் கேட்கவே இல்லை.

அப்போதுதான் இசக்கிக்குத் தான் யாரிடம் கத்தினோம் என்று உறைத்தது.

"மன்னிச்சிருங்க மேடம்."

"எதுக்கு? பலகை அப்படியே இருக்கட்டும். துடைக்க வேண்டியது அந்த 'சரி சார்'தான். தலைவர் ரூம்லதான் இருக்கார், போ."