மந்திரி கண்டுபிடித்த இருபது கிலோமீட்டர்

உச்சிமலை நாட்டில் யானைகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு டீசல் பிக்கப் வண்டிகள் வாங்கிய காலம் அது. அந்த நாட்டை ஆண்ட தடந்தோள் மகாராஜாவுக்குப் பெயருக்கேற்ற தோள் உண்டு. தோளுக்கு மேலே இருந்ததைப் பற்றி அரண்மனையில் யாரும் பேசமாட்டார்கள்.

மலையடிவாரச் சந்தையிலிருந்து உச்சியிலிருக்கும் அரண்மனைக்குச் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு ஐம்பது பிக்கப்புகளைப் பரிசாகக் கொடுத்தார் மகாராஜா. கொடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். வாங்கியவர்களுக்குத் திருப்தியா என்று தெரிந்தே ஆகவேண்டும் என அடம்பிடித்தார். விசாரிக்கப் போனவர், அந்த வண்டிகளைத் தேர்ந்தெடுத்த மந்திரி அம்பலவாணரேதான். பக்கத்தில் ஒரு வேல்காரனை நிறுத்திக்கொண்டு, "திருப்தியா?" என்று கேட்டார். நாற்பத்தொன்பது பேர் பரம திருப்தி என்றார்கள். அவர்களில் ஒருவன் அழுதுகொண்டே சொன்னான்.

ஐம்பதாவது ஆள் குப்பாயி. முட்டைக்கோஸ் ஏற்றுகிறவள். வேல்முனையைப் பார்க்காமல் மந்திரியைப் பார்த்துப் பேசிவிட்டாள்.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா லிட்டருக்கு எட்டுக்கு மேல குடுக்க மாட்டேங்குது."

வினை அங்கேதான் பிடித்தது. வண்டி லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கும், நானே சோதித்துப் பார்த்தேன் என்று மந்திரி முன்பே மகாராஜாவிடம் அளந்திருந்தார். அதை நம்பி மகாராஜா ஒரு சட்டமும் போட்டிருந்தார். அரண்மனை ஊற்றும் டீசல் லிட்டருக்கு இருபதுக்குக் குறைந்தால், ஸ்டீயரிங் பிடித்தவரே டீசல் திருடர். தலையை மொட்டையடித்து வண்டியைப் பறித்துக்கொள்ள வேண்டும்.

குப்பாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். "முடி போனா வளருமுங்க சாமி. வண்டி போனா எம்பட புள்ளைக ரெண்டும் என்னத்தைத் திங்கும்?" என்று கேட்டாள்.

அரசவை விகடகவி சூடாமணிக்குப் பொறுக்கவில்லை. அவள் திருடியிருக்கமாட்டாள் என்று எழுந்து சொல்லிவிட்டார். மகாராஜாவுக்குச் சுருக்கென்றது.

"அப்படியானால் நாளைக்குள் நிரூபி. நான் கொடுத்த வண்டியைக் குறை சொல்லக்கூடாது. என் சட்டத்தையும் குறை சொல்லக்கூடாது. சொன்னால் உனக்கும் மொட்டை."

ராஜா கொடுத்த பொருளைக் குறை சொல்வது அந்த நாட்டில் வழக்கமில்லை. ஓட்டைச் சால்வை கிடைத்தால்கூட ஓட்டையை உள்பக்கம் மடித்துப் போர்த்திக்கொள்வார்கள். சூடாமணிக்குத் தலையில் இருந்ததே நாலு முடிதான். அந்த நாலின் மேலும் அவருக்கு உயிர்.

நேராக வண்டிக் கொட்டகைக்குப் போனார். மந்திரியின் டிரைவர் ராயப்பனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, சோதனை எப்படி நடந்தது என்று விசாரித்தார். ராயப்பன் பெருமையாகச் சொன்னான்.

"அரமனை வாசல்ல ஒரு லிட்டர் ஊத்துனமுங்க. மொத வளைவுலயே நியூட்ரல் போட்டு இஞ்சினையும் நிறுத்திப்போட்டேன். இருவது கிலோமீட்டரு, சந்தை வரைக்கும் அதுவா உருண்டு போச்சுங்க."

இறக்கம் வந்தால் நியூட்ரல் போட்டு டீசலை மிச்சம் பிடிப்பது அந்த மலை டிரைவர்களின் பழக்கம். மந்திரி பக்கத்தில் கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டுக்கொண்டே போயிருக்கிறார். ஏற்றிய சரக்கு, அவருடைய டிபன் கேரியர்.

மறுநாள் காலை சூடாமணி மகாராஜாவிடம் போய், குப்பாயியின் வண்டியை மன்னரே ஓட்டி மலையேறுவதைப் பார்க்கச் சந்தையே காத்துக்கிடக்கிறது என்றார். மகாராஜா உடனே உருகிவிட்டார். கீழே சந்தையில் கோஸ் மூட்டைகளோடு வண்டி தயாராக நின்றது. யாரும் திருடிவிடக்கூடாதே என்று, காலி டேங்கில் மந்திரியின் கையாலேயே ஒரு லிட்டர் ஊற்றவைத்து, டேங்க் மூடிக்கு அரக்கு முத்திரையும் போடவைத்தார் சூடாமணி. கோஸ் நாற்றம் மன்னருக்கு ஆகாது என்று மந்திரி இழுத்துப் பார்த்தார். அதற்குள் மகாராஜா சாவியைத் திருகிவிட்டார். மந்திரியும் சூடாமணியும் முன்னால் நெருக்கியடித்து உட்கார, குப்பாயி பின்னால் மூட்டைகள்மேல் ஏறிக்கொண்டாள்.

எட்டாவது கிலோமீட்டரில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மகாராஜா கைக்குக் கிடைத்ததையெல்லாம் அழுத்தினார். ஹார்ன் மட்டும் வேலை செய்தது.

சூடாமணி இறங்கி முத்திரையைப் பார்த்தார். உடையவில்லை. மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். சொட்டு டீசல் இல்லை.

"மகாராஜா, எட்டு கிலோமீட்டர்தான் வந்திருக்கிறோம். மீதி டீசலை யாரிடம் விற்றீர்கள்?"

"நானா?"

"வண்டியில் குறையே இல்லை. சட்டத்திலும் குறை இல்லை. ஸ்டீயரிங் உங்கள் கையில்தான் இருந்தது" என்றார் சூடாமணி பணிவாக. அதே சமயம் கோஸ் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, சூடாமணி ஒளித்துவைத்திருந்த அரண்மனை நாவிதர் இறங்கி வந்து, மகாராஜாவைக் கும்பிட்டுவிட்டுக் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

மகாராஜா தன் சுருள்முடியைத் தடவிப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த முடிக்குக் கீழே ஏதோ வேலை செய்தது. மந்திரி பக்கம் திரும்பினார்.

"அம்பலவாணரே, நீர் எந்தப் பக்கமாக ஓட்டிப் பார்த்தீர்?"

"மேலிருந்து... கீழே, பிரபு."

மகாராஜா சிரித்த சிரிப்பில் கோஸ் இரண்டு உருண்டு கீழே விழுந்தன. சட்டம் அந்த இடத்திலேயே ரத்து. வண்டி குப்பாயிக்கே. இனி அரண்மனைச் சரக்குக்கு லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கணக்கிலேயே அரண்மனை டீசல் ஊற்றும். குப்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூடாமணிக்கு முத்துமாலை கிடைத்தது. மந்திரிக்கு ஒரு கோஸ் மூட்டை கிடைத்தது, மீதிப் பன்னிரண்டு கிலோமீட்டரும் தலையில் சுமந்துகொண்டு வரும்படி. அதை அவர் தலையில் குப்பாயியே ஆசையாகத் தூக்கி வைத்தாள்.

மந்திரி நடந்தார். நாற்பதாவது அடியில் மூட்டையைப் போட்டுவிட்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"காலையில் என்ன சாப்பிட்டீர்?" என்று கேட்டார் சூடாமணி.

"ஆறு இட்லி" என்றார் மந்திரி, பாவம்.

"ஆறு இட்லிக்கு நாற்பது அடிதானா?" என்று மகாராஜா உதட்டைப் பிதுக்கினார்.

"லோடோடு ஏற்றத்தில் அவ்வளவுதான் கொடுப்பார், மகாராஜா" என்றார் சூடாமணி. "நியூட்ரலில் போட்டுக் கீழே உருட்டிவிடுங்கள். இட்லியே இல்லாமல் சந்தை வரைக்கும் போவார்."