சுழி வேண்டாம் என்ற இடம்

அந்தக் காலத்தில் எண்களுக்குக் காலும் ஆண்டுகளுக்கு வாயும் இருந்தன. ஒட்டகங்களோ கேட்காமலே யோசனை சொல்லும். அப்போது நம் நாட்டில் சுழி என்றொரு பெண் இருந்தாள். இன்று பூஜ்யம் என்கிறோமே, அவளேதான். ஒன்று முதல் ஒன்பது வரை அவளுக்கு ஒன்பது அண்ணன்மார். கடைக்குட்டிதான், ஆனாலும் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

ஒருநாள் மேற்கிலிருந்து வந்த ஒட்டகம் ஒரு சேதி சொன்னது.

"அங்க ஒரு துறவி ஆண்டுகளை எல்லாம் கூப்பிட்டு வரிசையா நிக்க வெச்சிருக்கார் தாயி. கிறிஸ்துவுக்குப் பின்னால வந்தவங்க ஒரு வரிசை, முன்னால வந்தவங்க ஒரு வரிசை. ரெண்டுக்கும் நடுவுல ஆளே இல்ல."

"நடுவுல நிக்க என்னை விட்டா யாரு இருக்கா?" என்றாள் சுழி. அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடம் வாங்காமல் வீட்டு வாசல் மிதிப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பெண்ணைத் தனியாக அனுப்புவார்களா? அண்ணன்மாரும் கூடவே புறப்பட்டார்கள்.

பாலைவனம் தாண்டிப் போய்ப் பார்த்தால், இரண்டு வரிசைகளின் முதலாண்டுகளும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றிருந்தன.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா. அது என் இடம்" என்றாள் சுழி.

"உன் மதிப்பு என்ன?" என்று கேட்டது கி.பி. வரிசையின் முதலாண்டு.

"தனியா நின்னா ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவளுக்கு இடம் எதுக்கு?" இரண்டும் வயிறு குலுங்கச் சிரித்தன. சுழிக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

"வா தாயி, ஊருக்கே போயிரலாம்" என்றது ஒட்டகம்.

"வெறுங்கையோட எப்படிப் போறது?" என்று சுழி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் தன் எண்ணை M, C, X என்று ரோமன் எழுத்துகளாக மூட்டை கட்டிச் சுமந்து வர வேண்டும். ஆயிரத்து முந்நூற்று எழுபத்தெட்டாம் ஆண்டின் முறை வந்தது. பாவம், அதன் தலையில் பதினோரு எழுத்து. வரிசைக்கு வருமுன்னே தடுக்கி விழுந்தது. அது தன் இடத்துக்கு வராமல் பழைய ஆண்டு நகர முடியாது, பனியும் விலகாது. ஊரே குளிரில் நடுங்கியது.

"அண்ணே, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று சுழி அதட்டினாள். ஒன்று, மூன்று, ஏழு, எட்டு என நாலு அண்ணன்மார் ஓடினார்கள். மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு வரிசையாக நின்றார்கள். அவ்வளவுதான், வேலை முடிந்தது. ஆண்டு துள்ளிக்கொண்டு தன் இடத்துக்குப் போனது.

மறு ஆண்டு எட்டு விலக, ஒன்பது வந்து நின்றான். அதற்கடுத்த ஆண்டில்தான் சிக்கல். ஏழு விலகி எட்டு வந்துவிட்டான். கடைசி இடத்தில் நிற்க ஆளில்லை. ஒன்பதுக்கு மேல் அண்ணன் ஏது?

"சுழி, நீ வாம்மா!" என்று கத்தினான் ஒன்பது.

அவள் எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, கடைசியில் போய் நின்றாள். ஆயிரத்து முந்நூற்று எண்பது! பழையதெல்லாம் முடிந்து ஏதோ புதிதாகத் தொடங்கியதுபோல் ஊருக்குத் தோன்றியது. கோயில் மணிகள் எல்லாம் அடித்தன.

முதலாண்டுகளின் தலை குனிந்தது. "தப்பாப் பேசிட்டோம் தாயே. நடுவுல வந்து நில்லுங்க" என்று கி.பி. வரிசைக்காரர் கைகூப்பினார். கி.மு. வரிசையைப் பார்த்து, "எல்லாரும் ஓரடி பின்னால போங்க!" என்றார்.

சுழி காலைத் தூக்கினாள். அப்போது கி.மு. வரிசையில் வெகுதூரத்திலிருந்து ஒரு கிழ ஆண்டு விம்மியது.

"அம்மா, எங்க ஜனங்க பொறந்தது எப்போ, செத்தது எப்போன்னு இந்த எண்ணை வெச்சுத்தான் எங்களைத் தேடி வராங்க. நாங்க நகர்ந்துட்டா எங்க கதையெல்லாம் பொய்யாயிடுமே!"

ஆசைப்பட்டு வந்த இடம் காலடியில் இருந்தது. தூக்கிய காலைச் சுழி பின்னால் வைத்தாள்.

"இத்தனை பேரைத் தள்ளிட்டு எனக்கு ஒரு இடமா? வேண்டாம். எங்கண்ணன் ஒன்பது கை ஓயற இடத்துல நான் நிக்கிறேன். அப்போ நீங்களே என்னைத் தேடுவீங்க."

"இடம் வாங்கியாச்சு, வீட்டுக்குப் போலாமா?" என்றது ஒட்டகம். சுழி சிரித்துக்கொண்டே ஏறினாள்.

அன்று தொட்டுத்தான் கி.மு. ஒன்றை அடுத்து நேராகக் கி.பி. ஒன்று வருகிறது, நடுவில் பூஜ்யம் ஆண்டு கிடையாது. ஆனால் கடைசியில் அவள் வந்து நிற்கும் ஆண்டுக்குத் தனி மவுசு. இரண்டாயிரம் பிறந்தபோது மூன்று சுழிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்க உலகமே கண் விழித்து வாணம் விட்டதே, யாருக்காக என்று நினைத்தீர்கள்? நம் வீட்டுப் பெண்ணுக்காகத்தான்.