கிளிப்பு மாட்டுன எலை

ஒரு காலத்துல எல்லாம் இல்ல, போன மாசம்தான். ஊருக்கு வெளிய ஒரு ஏரிக்கரை, கரையில ஒரு நுணாச் செடி. அந்தச் செடியில, ஆள் இடுப்பு உசரத்துல இருந்த ஒரு எலை மேல ஒரு எட்டுக்கால்பூச்சி குடியிருந்தா.

பாக்க எப்படி இருப்பான்னு கேக்காதீங்க. காக்கா போற போக்குல போட்டுட்டுப் போனா எப்படி இருக்கும்? அதேதான். வெள்ளையும் கறுப்புமா, கொழகொழன்னு, ஓரத்துல ஈரப் பளபளப்பு வேற. கடவுள் அவள செஞ்சுட்டு இருந்தப்ப தலைக்கு மேல ஏதோ பறந்திருக்கும் போல.

ஆனா அந்த மூஞ்சிதான் அவளுக்குக் காவல். எச்சத்த எந்தக் குருவி கொத்தும்? பகல் பூரா அசையாம கெடந்தா போதும். அந்த வாரம் அவ இன்னும் கெட்டியா கெடந்தா. ஏன்னா, எலைக்கு அடியில முட்டைப் பைய ஒட்டி வெச்சிருந்தா. இன்னும் ஆறேழு நாள்ல குஞ்சுங்க வந்துரும். அதுங்க மூஞ்சியப் பாக்கற வரைக்கும் உசுரோட இருந்துரணும். அவ்வளவுதான் அவ ஆசை.

ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் ஏழு பேரு வந்து எறங்குனாங்க. பூச்சியப் பெருசு பண்ணி போட்டோ எடுக்கற குரூப்பு. கழுத்துல கேமரா, கேமரா மூக்குல செம்பு மாதிரி ஒரு லென்சு. வெளிச்சம் பளீர்னு அடிக்கக் கூடாதுன்னு பிளாஷ் மேல பால் கவரக் கழுவி ஒட்டியிருந்தாங்க. தலைவர் பேரு குலோத்துங்கன் சாரு. நான் இவளப் பூச்சின்னு சொன்னது தெரிஞ்சா அடிக்கவே வந்துருவாரு. "பூச்சிக்கு ஆறு காலுங்க. எட்டு இருந்தா ஸ்பைடர்"ம்பாரு. ஊரு காலெல்லாம் எண்றதுக்குன்னே பொறந்த மனுசன்.

இவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மொதல்ல எவரு பூச்சியப் பாக்கறாங்களோ, அவரு பக்கத்துக் குச்சியில துணி காயப்போடற செவப்பு கிளிப்பு ஒண்ண மாட்டணும். மத்தவங்க அத அடையாளம் வெச்சு வரிசையா வந்து எடுப்பாங்க. கடைசியா எடுக்கறவரு கிளிப்பக் கழட்டி ஜோப்புல போட்டுக்கணும்.

அன்னிக்கு மொதல்ல பாத்தது பல் டாக்டரு மெஹருன்னிசா.

"சார், சார்! எச்சம்னு நெனச்சு தாண்டிப் போயிட்டேன். இதுக்கு காலு இருக்கு சார்!"

"கிளிப்பப் போடுங்க டாக்டர்! செடிய ஆட்டிராதீங்க. மூச்சக் கூட அந்தப் பக்கமா விடுங்க!"

கிளிப்பு வந்து குச்சியக் கடிச்சிச்சு.

"ஏய்யா, இவ்வளவு பெரிய செடியில என் வீட்டு வாசல்தானா கெடச்சுது கடிக்க?"ன்னா பூச்சி.

"கோவிச்சுக்காதம்மா. நீ இங்க இருக்கேன்னு சொல்லணும்ல."

"நான் இங்க இல்லேன்னு சொல்றதுக்குத்தானய்யா இந்தக் கோலத்துல கெடக்கேன்!"

கிளிப்பு பதில் சொல்றதுக்குள்ள மொத லென்சு குனிஞ்சிச்சு. குனிஞ்சதும் ஒரே வார்த்தை:

"அழகு!"

பூச்சி பின்னால திரும்பிப் பாக்கலாமான்னு யோசிச்சா. வேற யாரும் இல்ல.

"யாரு, நானா? நல்லாப் பாருப்பா. நான் எச்சம்."

"நல்லாப் பாக்கறதுதாம்மா என் பொழப்பே. முதுகப் பாரேன், மெழுக உருக்கி ஊத்துன மாதிரி! அந்தக் கால் மடிப்பப் பாரேன்!"

ரெண்டாவது லென்சு வந்துச்சு. அதுவும் அழகுன்னுச்சு. மூணாவதும் அப்படியே. நாலாவது வரக் கொஞ்சம் லேட்டாச்சு. "என்ன, இன்னும் காணோம்?"னு இவளே கண்ண உருட்டிப் பாத்தா.

கிளிப்பு மேல கம்பியப் பாத்துச்சு. "அம்மா, ஒரு விசயம். மேல கரண்டு கம்பியில ரெட்டவால் குருவி ஒக்காந்திருக்கு பாரு. ரெண்டு மாசமா எங்க பின்னாலயேதான் வருது. அது இப்பல்லாம் பூச்சியத் தேடறதே இல்ல. செவப்பு எங்க இருக்குன்னு மட்டும் பாக்குது."

"உன்னத்தான் கழட்டிட்டுப் போயிருவாங்களே?"

"அதான் சட்டம்."

"அப்பறம் என்ன? தள்ளி நில்லுய்யா, வெளிச்சத்த மறைக்காத."

ஏழாவது லென்சு நல்லா நெருங்கி வந்துச்சு. "ஒரே ஒரு காலத் தூக்குனா இன்னும் எடுப்பா இருக்கும்"னுச்சு. பொறந்ததுல இருந்து பகல்ல காலத் தூக்காதவ, தூக்குனா. டப்பு டப்புன்னு பிளாஷு அடிச்சிச்சு.

அதோட முடிஞ்சிருந்தா ஏழாவது ஆளு கிளிப்பக் கழட்டியிருப்பாரு. அந்த ஏழாவது ஆளு டாக்டரம்மாதான், ஆசையா கடைசியில நின்னாங்க. ஆனா குலோத்துங்கன் சாருக்குத் தன் படத்துல ஒரு கண்ணு மங்கலா விழுந்திருச்சு. "ஒரே நிமிசம்"னு திரும்ப வந்து குனிஞ்சாரு. டாக்டரு நகந்துட்டாங்க.

அப்பறம் டிபன் கடையில பேச்சு இப்படிப் போச்சு.

"கிளிப்ப எடுத்தீங்களா டாக்டர்?"

"எனக்கப்பறம் நீங்கதான சார் திரும்பப் போனீங்க?"

"நான் வரிசையில மொத ஆளுங்க. மொத ஆளு எப்படிக் கடைசி ஆளாவான்?"

"நான் கடைசி ஆளா இருந்தேன் சார், நீங்க வர்ற வரைக்கும்."

"சரி விடுங்க. ஒரு கிளிப்புதான? பொங்கல் ஆறுது."

பொங்கல் ஆறல. ஏரிக்கரையில ரெட்டவால் குருவி கம்பிய விட்டு எறங்கிருச்சு.

நேரா வந்து கிளிப்புக்குப் பக்கத்துல ஒக்காந்துச்சு. எலையப் பாத்துச்சு. தலையச் சாச்சு இன்னொரு தடவ பாத்துச்சு. அப்பறம் சிரிச்சிச்சு பாருங்க, வால் ரெண்டும் ஆடுது.

"என்னடா கிளிப்பு, பொய் சொல்லக் கத்துக்கிட்டியா? வெறும் பீதான கெடக்கு இங்க!"

கிளிப்பு வாயத் தொறக்கல. தொறந்தா கீழ விழுந்துரும். பூச்சியும் அசையல.

"ஏழு பேரு முட்டி போட்டது இந்தக் கருமத்துக்கா? நேத்து நான் போட்டதாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டு, குருவி போறதுக்கு றெக்கைய விரிச்சிச்சு.

போயிருக்கும். சத்தியமா போயிருக்கும். நேத்து வரைக்கும் இந்தப் பேச்சுதான் அவளுக்குத் தாலாட்டு. ஆனா இன்னிக்கு ஏழு லென்சு வந்து போயிருக்கே! மெழுகு மாதிரி முதுகுன்னாங்களே! அவளுக்குச் சுருக்குன்னுச்சு.

"கருமமா? யாரப் பாத்து? நல்லாப் பாருடா!"

சொல்லிட்டு அந்தக் காலத் தூக்குனா.

குருவி நல்லாப் பாத்துச்சு.

ஒரே கொத்து. அலகக் குச்சியில தொடச்சிச்சு. பறக்கறதுக்கு முன்னாடி, குருவிங்க வழக்கமா விட்டுட்டுப் போறத அதே எலை மேல விட்டுட்டுப் போச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழம காலையிலதான் முட்டைப் பை பிஞ்சு குஞ்சுங்க வெளிய வந்துச்சு. கடுகுல பாதி இருக்கும் ஒவ்வொண்ணும். எலை விளிம்புல தொங்கி எட்டிப் பாத்தா, மேல ஒரே கூட்டம்.

"டாக்டர்! கிளிப்பு இங்கயேதான் இருக்கு. நம்ம ஆளும் அப்படியே இருக்கா பாருங்க!"

"போன வாரத்துக்கு இப்ப இன்னும் நல்லா அசையாம குடுக்கறா சார்."

ஏழு பேரும் முட்டி போட்டாங்க. மொத லென்சு குனிஞ்சு, "அழகு!"ன்னுச்சு.

ஒரு குஞ்சு மெதுவா கிளிப்பக் கேட்டுச்சு. "அதான் எங்கம்மாவா?"

"இல்ல கண்ணு. அது குருவி எச்சம்."

"அத ஏன் அழகுன்னு சொல்றாங்க?"

"உங்கம்மாவயும் இதே வார்த்தைதான் சொன்னாங்க."

ஏழாவது லென்சு நல்லா நெருங்கி வந்துச்சு. "ஒரே ஒரு காலத் தூக்குனா இன்னும் எடுப்பா இருக்கும்"னுச்சு.

குஞ்சுங்க எல்லாம் மூச்சப் பிடிச்சுக்கிட்டு எச்சத்தையே பாத்துச்சுங்க.

எச்சம் எல்லாத்தையும் கேட்டுட்டு, எச்சமாவே கெடந்துச்சு.