வெறுங்குடலையில் நால்வகைத் தும்பை

அரனார் சடையேறும் பேறு பெற்ற தும்பைக்கு வாயில்லை. அதற்கும் சேர்த்துக் குற்றாலிங்கத்துக்கு இருந்தது. பிரதோஷந்தோறும் சாமி மாலைக்குத் தும்பை பறித்துவரும் தொண்டு பதின்மூன்று ஆண்டுகளாக அவருடையது. அன்று அயர்ந்து உறங்கிவிட்டார். நீராடாமல் சாமிப்பூவைத் தொடலாகாது, நீராடிக் காட்டுக்குப் போய்வரவோ நேரமில்லை. உச்சிவேளையில் வெறும் பூக்குடலையோடு கோயில் மண்டபத்தில் வந்து நின்றார்.

மாலை கட்டும் உலகம்மாள் வாழைநாரை நனைத்துக் காத்திருந்தாள். அருகே பூதலிங்கம். குற்றாலிங்கம் ஒருநாள் தவறினால் அத்தொண்டு தம்முடையது என்று நெடுநாளாய்ச் சொல்லிவைத்திருந்தவர்.

உண்மையைச் சொன்னால் தொண்டு போய்விடும். ஆகவே குற்றாலிங்கம் வேறொன்றைச் சொன்னார்.

விடியலில் சிறுதும்பைக்குத்தான் போனாராம். வரப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கவே, பாலென்று எண்ணி ஊர்ப்பூனைகள் வரிசையில் நின்று நக்கிக்கொண்டிருந்தனவாம். எச்சில் பூ எதற்காகும்? சரியென்று பெருந்தும்பைக்குப் போனால், ஒரு பூவுக்குள் தேன் குடிக்க இறங்கிய வண்டு வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே குடித்தனம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்திருந்ததாம். குடி கெடுப்பது பாவமல்லவா?

"வண்டு வீட்டுக் கல்யாணத்துக்கு நீரு போயிருந்தீராக்கும்" என்றார் பூதலிங்கம்.

"உமக்குச் சேதி தாக்கல் ஒண்ணும் வரலையா வே?"

கவிழ்தும்பையோ தலைகுனிந்தே பூப்பது. இவர் ஒரு பதிகம் எடுத்தாராம். காடு முழுக்க நிமிர்ந்து கேட்டதாம். நிறுத்தினால் மறுபடி முகம் வாடிற்றாம். பாடிப்பாடியே பொழுது உச்சிக்கு வந்ததாம்.

"கடைசியா மலைத்தும்பை. அது வாசம் இருக்கே, மூணு ஊரு தாண்டி வந்து என் மூக்கப் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு."

உலகம்மாள் நாரைக் கீழே வைத்தாள். இறைவனுக்கு முன் மனிதன் மோந்த பூ பூசைக்கு ஆகாது.

"அண்ணாச்சி, சாமிப்பூவ மோந்தா பாத்திய?"

பூதலிங்கம் மெல்ல எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பதின்மூன்று ஆண்டும் ஒரு மூச்சில் போவதைக் குற்றாலிங்கம் கண்ணெதிரே கண்டார்.

"நான் மோப்பனா தங்கச்சி? மூக்கப் பொத்திக்கிட்டுல்லா நின்னேன். மலைத்தும்பைதான் குனிஞ்சு என்னைய மோந்து பாத்துச்சு."

உலகம்மாள் வெறுங்குடலையைப் பார்த்தாள். நீறு காணாத அவர் நெற்றியையும் பார்த்தாள்.

"அதான் ஒங்ககூட வரமாட்டேன்னுட்டுது. தெப்பக்குளத்தங்கரையில நம்ம சாதாத் தும்பை பூத்துக் கெடக்கு. அதுவும் மோந்து பாக்கதுக்குள்ள போய்க் குளிச்சிட்டுப் பறிச்சிட்டு வாங்க."